புது ஃப்ரிட்ஜ் வாங்கும்போது சத்தத்தை எப்படிக் கணக்கில் எடுப்பது?

சுவர்ப்பக்கம் (கேள்வி)

சமையலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். ஃப்ரிட்ஜ் வைக்க அந்தச் சுவரை ஒட்டித்தான் இடம். 300 லிட்டர் அளவில் மூன்று மாடல் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் 36 டெசிபல், இன்னொன்றில் 39, மூன்றாவதில் எண்ணே போடவில்லை. மூன்றிலும் “இன்வெர்ட்டர், சத்தமில்லாதது” என்று ஸ்டிக்கர் மட்டும் தவறாமல் இருக்கிறது.

இந்த 3 டெசிபல் வித்தியாசம் காதுக்குத் தெரியுமா? இன்வெர்ட்டர் என்றாலே சத்தம் குறைவுதானா? கடையிலேயே சோதித்துப் பார்க்க வழி உண்டா? இப்போதுள்ள பழைய ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் நிற்கும்போதெல்லாம் ஒரு உதறல், அதோடு ஒரு “டொக்”. புதிதிலும் அதே வந்தால் மாற்றுவதில் அர்த்தமே இல்லை.

ஒலிமானி

முதலில் அந்த எண். 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிக்கிறது. ஆனால் காது அதை “கொஞ்சம் கூடியிருக்கிறதோ” என்ற அளவில்தான் உணரும். இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். ஆக 36க்கும் 39க்கும் நடுவே தேர்வு செய்வதில் தூக்கத்தைத் தொலைக்க வேண்டியதில்லை. 36க்கும் 43க்கும் நடுவே என்றால் யோசிக்க வேண்டும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2021 மின்சிக்கன லேபிளை எடுத்துக்கொள்ளுங்கள். 30 டெசிபலுக்குக் கீழே ஏ, 30 முதல் 36க்குள் பி, 36 முதல் 42க்குள் சி, 42ம் அதற்கு மேலும் டி. உங்கள் இரண்டு மாடலுமே சி வகுப்பு.

அடுத்தது பலர் கவனிக்காத விஷயம். லேபிளில் உள்ளது பெட்டி மொத்தமாக வெளிவிடும் ஒலித்திறன். உங்கள் காதில் விழும் அளவு அதுவல்ல. திறந்த இடத்தில் தரைமேல் வைத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் காதுக்கு வருவது அதைவிட 8 டெசிபல் குறைவு. பின்னால் ஒரு சுவர் வந்தால் ஏறத்தாழ 3 கூடும். பக்கத்தில் இன்னொரு சுவர் வந்து மூலையாகிவிட்டால் இன்னும் 3. அதாவது 36 டெசிபல் ஃப்ரிட்ஜை மூலையில் செருகினால், மூலை இல்லாத இடத்தில் நிற்கும் 39 டெசிபல் ஃப்ரிட்ஜ் அளவுக்குக் கேட்கும். மாடலில் தேடுகிற 3 டெசிபல் பெரும்பாலும் வைக்கிற இடத்திலேயே கிடைத்துவிடும்.

மூன்றாவது, உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம். அந்த டெசிபல் எண் மனிதக் காதுக்கு ஏற்றபடி எடை போட்டு எடுத்தது. அந்த எடையில் 100 ஹெர்ட்ஸ் முனகலுக்கு 19 டெசிபலையும் 50 ஹெர்ட்ஸுக்கு 30ஐயும் கழித்துவிடுவார்கள், அதனால் அடித்தொனி அந்த எண்ணில் அவ்வளவாகத் தெரியாது. சுவரைத் தாண்டிப் படுக்கையறைக்குள் வருவதோ அந்த அடித்தொனி “ம்ம்ம்” தான். ஃபேனின் “உஸ்” சத்தத்தைச் சுவர் தடுத்துவிடும், முனகலைத் தடுக்காது. அதனால் ஒரே எண் போட்ட இரண்டு ஃப்ரிட்ஜில் ஒன்று அடுத்த அறைக்குக் கேட்கும், மற்றது கேட்காது. இதை எந்த லேபிளும் சொல்லாது.

கேஸ்கெட்

ஸ்டிக்கரை விடுங்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

பழைய வகைக் கம்ப்ரஸர் ஒரே வேகத்தில் ஓடும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2900 சுற்று, 60 ஹெர்ட்ஸில் 3450 வாக்கில். வெப்பநிலை எட்டியதும் தெர்மோஸ்டாட் சட்டென்று மின்சாரத்தை வெட்டும். அந்த நேரத்தில் பிஸ்டனுக்கு முன்னால் அழுத்தம் நிறைந்த வாயு இருக்கிறது. அது பிஸ்டனைத் திருப்பி உதைக்கும். மோட்டாரும் பம்ப்பும் கறுப்புக் குடுவைக்குள் ஸ்ப்ரிங்மேல் உட்கார்ந்திருப்பதால் மொத்தமாக ஆடி அடங்கும். நீங்கள் சொல்லும் உதறல் அதுதான். ஸ்ப்ரிங் தளர்ந்தாலோ, குடுவைக்கு அடியிலுள்ள நான்கு ரப்பர் புஷ் கெட்டிப்பட்டுப்போனாலோ உதறலோடு “டொக்” சேரும்.

இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் தேவைக்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளும். மெதுவான வேகத்தில் கிளம்பி, வேகம் தணிந்த பிறகே நிற்கும். உதறல் பெரிதும் குறைந்துவிடும். உங்கள் முதல் குறைக்கு அதுவே மருந்து. ஆனால் “இன்வெர்ட்டர் என்றால் சத்தமில்லை” என்பது பாதி உண்மை. பல மாடல்களில் வேகம் 1300 சுற்றிலிருந்து 4500 வரை போகும். அடிவேகத்தில் ஓடும்போது பக்கத்தில் நின்றாலும் கேட்காது. வெயில் நாளில், கதவை அடிக்கடி திறக்கும்போது, சூடான பாத்திரத்தை உள்ளே வைத்தபோது மேல்வேகத்துக்குப் போனால் பழைய வகையைவிட இரைச்சல் கூடும். விரைவுக் குளிரூட்டும் பொத்தானை இரவில் அழுத்தி மறந்துவிட்டாலும் இதே கதை.

இன்னொன்று: இன்வெர்ட்டர் குறைந்த வேகத்தில் நெடுநேரம் ஓடும். இடைவிடாத மெல்லிய ஒலி சிலருக்குத் தொந்தரவே இல்லை, தாலாட்டு மாதிரி. சிலருக்கோ நடுநடுவே வரும் முழு அமைதிதான் வேண்டும். வீட்டில் தூக்கம் லேசானவர் யார், அவருக்கு எது ஒத்துவரும் என்று கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

கம்ப்ரஸரைவிட அதிகம் ஏமாற்றுவது ஃபேன். ஃப்ராஸ்ட் ஃப்ரீ (பனி தானாக உருகும்) மாடலில் உறைபெட்டிக்குப் பின்னால் ஒரு ஃபேன் கட்டாயம் இருக்கும். சில மாடலில் கீழே கம்ப்ரஸர் பக்கத்திலும் ஒன்று உண்டு, அது வெளிக்காற்றை இழுப்பதால் நேரடியாகக் கேட்கும். வாங்குமுன் பின்பக்கம் குனிந்து பாருங்கள். கம்ப்ரஸர் அறைக்குத் துளையிட்ட மூடியும் அதற்குள் ஃபேனும் இருந்தால் அந்தச் சத்தமும் கணக்கில் சேர்கிறது. வெளி ஃபேன் இல்லாமல் பக்கத் தகடு வழியாகவே சூட்டை வெளியேற்றும் மாடல் அமைதியானது, ஆனால் பக்கவாட்டில் கட்டாயம் இடைவெளி விட வேண்டும்.

டைரக்ட் கூலில் ஃபேனே கிடையாது. இருப்பதில் அமைதியானது அதுதான். ஆனால் பெரும்பாலும் ஒற்றைக்கதவுச் சிறு மாடல்களில்தான் வரும், பனியையும் நீங்களே உருக்க வேண்டும்.

தானாக ஐஸ் கட்டி போடும் வசதி வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். தண்ணீர் வால்வு “பர்ர்” என்று திறப்பதும் கட்டிகள் தொட்டியில் சடசடவென்று விழுவதும் நடுராத்திரி என்று பார்க்காது. வசதியும் வேண்டும், சத்தமும் வேண்டாம் என்றால் இரவில் அதை மட்டும் அணைக்கும் பொத்தான் உள்ள மாடலாகப் பாருங்கள்.

சுவர்ப்பக்கம்

இருவருக்கும் நன்றி. அப்போது இன்வெர்ட்டர், வெளி ஃபேன் இல்லாதது, ஐஸ் வசதி இல்லாதது. கடையில் சோதிப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே? ஓட்டல் அறைகளில் இருக்கும் சத்தமே இல்லாத குட்டி ஃப்ரிட்ஜ் தொழில்நுட்பத்தில் பெரியது கிடைக்காதா?

ஒலிமானி

கடையில் காதால் சோதிப்பது வீண். நூறு பேர் பேச்சும் ஏசியும் சேர்ந்த இரைச்சலில் 40 டெசிபலைப் பிரித்தறிய முடியாது. காட்சிக்கு நிற்பவற்றில் பாதி ஓடவும் ஓடாது. சத்தம் அளக்கும் போன் செயலி காட்டும் எண்ணும் அந்த மெல்லிய அளவில் நம்பத்தக்கதல்ல. வீட்டில் ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட மட்டும் உதவும்.

காதுக்குப் பதில் கையைப் பயன்படுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பக்கத் தகட்டின் நடுவில் உள்ளங்கையை வையுங்கள். அதிர்வு தெளிவாகத் தெரிந்தால் அதுவே நாளை உங்கள் சுவருக்குள் போகப்போகிற முனகல். பிறகு தகட்டை விரல் முட்டியால் தட்டுங்கள். டின் டப்பா போல ஒலித்தால் தகடு மெலிசு. கண்ணாடித் தட்டுகளையும் கதவு அடுக்குகளையும் அசைத்துப் பாருங்கள், தொளதொளவென்று இருந்தால் பாட்டில் கிணுகிணுப்பு நிச்சயம்.

எண் போடாத மூன்றாவது மாடலுக்குத் தயாரிப்பாளர் தளத்தில் கையேடு இருக்கும், அதன் தொழில்நுட்பப் பட்டியலில் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் அந்த மாடலை நான் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

கேஸ்கெட்

ஓட்டல் குட்டி ஃப்ரிட்ஜ் பற்றி: அது பெரும்பாலும் அம்மோனியாவைச் சூடாக்கி ஓடும் உறிஞ்சல் வகை. கம்ப்ரஸர் இல்லை, அசையும் பாகமே இல்லை. ஆனால் அதே குளிர்ச்சிக்கு மின்சாரத்தை வெகுவாகத் தின்னும், வெளியே சூடு ஏறினால் திணறும். 30, 40 லிட்டரில் பானம் வைக்கச் சரி. 300 லிட்டர் வீட்டு உபயோகத்துக்கு மறந்துவிடுங்கள்.

ரசமட்டம்

மாடலைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டார்கள், வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். புது ஃப்ரிட்ஜ் மேல் வரும் புகாரில் கணிசமானவை இங்கேதான் தீரும்.

சுவரிலிருந்து பின்னால் 5 செ.மீ. விடுங்கள், கையேடு அதிகம் கேட்டால் அதிகம். எந்த இடத்திலும் பெட்டி சுவரையோ அலமாரியையோ தொடவே கூடாது. ஒரு புள்ளி தொட்டால் போதும், முழுச் சுவரும் ஒலிபெருக்கியாகிவிடும். மேலே தட்டு, டப்பா, பழைய பத்திரிகை எதுவும் வேண்டாம்.

பிறகு மட்டம். முன்கால்கள் இரண்டும் திருகு வைத்தவை. ரசமட்டத்தை மேல்தகட்டில் இடவலமாக வைத்துக் குமிழ் நடுவில் வரும்வரை திருகுங்கள். முன்பின்னாக மட்டும் பின்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கட்டும், பாதி திறந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் அளவுக்கு. கடைசியில் எதிரெதிர் மூலைகளை மேலிருந்து அழுத்துங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் ஒரு கால் தரையில் ஊன்றவில்லை என்று பொருள். கம்ப்ரஸர் ஓடும்போது கடகடப்பது அந்தக் கால்தான்.

ரப்பர் அட்டை போடுவதில் இரண்டு தவறு செய்வார்கள். ஒன்று, மெத்தென்ற ஸ்பாஞ்சை வைப்பது. உணவோடு சேர்த்து 100 கிலோ என்றால் ஒரு காலுக்கு 25 கிலோ. ஸ்பாஞ்ச் நசுங்கி அப்பளமாகிவிடும், அதன்பின் பயன் பூஜ்யம். பாரம் தாங்கும் அடர்ரப்பர் 10 மி.மீ. கனத்தில் வேண்டும். இரண்டு, முன்கால்களுக்கு மட்டும் வைப்பது. பல மாடல்களில் பின்னால் கால் இல்லை, உருளைதான். எடை மிகுந்த கம்ப்ரஸர் இருப்பதும் அங்கேதான். நான்கு இடத்திலும் ஒரே கனத்தில் வையுங்கள். உருளை நழுவும் என்றால் 18 மி.மீ. ஒட்டுப்பலகை ஒன்றைப் பெட்டியின் அடிப்பக்கம் முழுக்கப் போட்டு, பலகைக்குக் கீழே ரப்பர் வையுங்கள். அடிக் காற்றுவழியை மட்டும் அடைக்காதீர்கள். மரத்தளம் என்றால் இது கட்டாயம், கான்கிரீட் தரையில் மட்டம் சரியாக இருந்தாலே பெரும்பாலும் போதும்.

கேஸ்கெட்

மேலே சொன்னதோடு ஒன்று. வந்திறங்கியதும் நிமிர்த்தி வைத்து நாலு மணி நேரமாவது விட்டுப் பிறகு இணைப்புக் கொடுங்கள். படுக்கவைத்து ஏற்றி வந்திருந்தால் ஓர் இரவு. குழாய்க்குள் போன எண்ணெய் குடுவைக்குத் திரும்ப வேண்டும். முதல் 24 மணி நேரம் முழுவேகத்தில் ஓடும், அந்தச் சத்தத்தை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

பயப்பட வேண்டாத சத்தங்கள்: கம்ப்ரஸர் நின்றபின் “களக் களக்”, “உஸ்ஸ்” என்பது குளிர்வாயு அழுத்தம் சமமாவது. “டக்” என்று விரல் சொடுக்குவது போல வருவது பிளாஸ்டிக் சுருங்கி விரிவது. ஃப்ராஸ்ட் ஃப்ரீயில் நாளுக்கு ஓரிரு முறை கம்ப்ரஸர் நின்று “சொய்ய்” என்று கேட்டால் பனி உருக்கும் ஹீட்டர்மேல் தண்ணீர் சொட்டுகிறது.

உடனே சர்வீஸைக் கூப்பிட வேண்டியவை: சில நிமிடத்துக்கு ஒருமுறை “ம்ம்ம்-டிக்” என்று முனகி நின்றால் கம்ப்ரஸர் கிளம்ப முடியாமல் ஓவர்லோடு (மிகை மின்னோட்டக் காப்பு) அதை வெட்டுகிறது. ரிலே பழுதாக இருக்கலாம், மின்னழுத்தம் தாழ்ந்திருக்கலாம். உறைபெட்டிக்குள் “கரகர” என்று உரசி, கதவைத் திறந்ததும் நின்றால் ஃபேன் இறக்கையில் பனி முட்டுகிறது. பிளக்கைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுக்க உருக விடுங்கள். சில வாரத்தில் திரும்ப வந்தால் பனி உருக்கும் ஹீட்டரோ சென்சரோ வேலை செய்யவில்லை, அல்லது வடிகுழாய் அடைத்திருக்கிறது. கத்தியால் பனியைக் குத்தாதீர்கள். இப்போதைய பெட்டிகள் பலவற்றில் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன், எரியும் வாயு.

பின்னால் செப்புக்குழாய் தகட்டில் உரசிக் கிர்ரென்றால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டுக்கும் நடுவே ஃபெல்ட் துண்டு செருகுங்கள். குழாயை வளைக்க வேண்டாம். பனி உருகிய நீர் சேரும் தட்டு ஆடினாலும் அதே வைத்தியம்.

சுவர்ப்பக்கம்

அளந்து பார்த்தேன், மூலையிலிருந்து 60 செ.மீ. நகர்த்த இடம் இருக்கிறது. 39 டெசிபல் மாடலில் வெளி ஃபேன் இல்லை, 36இல் இருக்கிறது. எதை எடுக்க? மின்வெட்டுக்கு வீட்டு யூபிஎஸ்ஸில் ஓட்டினால் சத்தம் மாறுமா?

கேஸ்கெட்

இரண்டின் பக்கத் தகட்டிலும் கை வைத்துப் பாருங்கள், அதிர்வு குறைந்ததை எடுங்கள். சுவருக்கு அப்பால் வரப்போவது ஃபேன் சத்தம் அல்ல. கை வைத்தும் வித்தியாசம் தெரியாவிட்டால் 39.

சைன் அலை யூபிஎஸ் (வீட்டு மின்சாரம் போலவே சீரான அலை தருவது) என்றால் மாறாது. சதுர அலை என்றால் மோட்டார் கரகரவென்று முனகும், சூடும் ஏறும். அதில் ஓட்டாதீர்கள்.