ஆக்சிஜன் குழாய் கழன்று கிடந்தது. சொன்னேன், யார் காதிலும் விழவில்லை

நைட்_ட்யூட்டி கேட்கிறார்:

வார்டில் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. போன வாரம் நைட் ட்யூட்டியில் ஒரு நோயாளிக்கு இதயம் நின்றுவிட்டது. கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஒருவர் நெஞ்சை அழுத்துகிறார், தலைமாட்டில் ஒருவர் அம்பு பேக் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) அமுக்குகிறார், டாக்டர் குனிந்து ஊசி போடக் கையில் நரம்பு தேடுகிறார். நேரத்தைக் குறித்து எழுதுவது என் வேலை. எழுதிக்கொண்டே நிமிர்ந்தபோதுதான் பார்த்தேன். அம்பு பேக்கின் ஆக்சிஜன் குழாய், சுவரில் ஆக்சிஜன் அளவு காட்டும் ஃப்ளோமீட்டரில் இல்லை, தரையில் கிடக்கிறது.

"சார், ஆக்சிஜன்..." என்றேன். யாரும் திரும்பவில்லை. கொஞ்சம் சத்தமாக, "சார், ஆக்சிஜன் போகுதா?" என்றேன். "ஆமா, போகுது போகுது" என்று பதில் வந்தது. அதைக் கேட்டதும் எனக்கே சந்தேகம். அது வேறு ஏதாவது குழாயோ? கடைசியில் அட்டையைக் கீழே வைத்துவிட்டு, இடுக்கில் புகுந்து நானே மாட்டினேன். என் குறிப்பின்படி இடையில் மூன்று நிமிடம் போயிருந்தது.

நோயாளிக்கு நாடி திரும்பி, ஐசியூவுக்குப் போனார். இதைப் பற்றி யாரும் பேசவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. அந்த மூன்று நிமிடம்தான் உறுத்துகிறது. நான் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?

---

மயக்கமருந்துக்காரன்:

முதலில் ஒரு விஷயம். ஆக்சிஜன் வராவிட்டாலும் அம்பு பேக் ஊதத்தான் செய்யும், நெஞ்சும் ஏறி இறங்கும். உள்ளே போவது அறைக் காற்று, அதாவது 21 சதவீதம். அதனால்தான் அமுக்குகிறவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை. பின்னால் தொங்கும் ரிசர்வாயர் பை (ஆக்சிஜன் சேரும் பை) சுருங்கிக் கிடக்கும், அதைப் பார்த்தால்தான் தெரியும். அந்த நேரத்தில் அதை யார் பார்க்கிறார்கள்!

நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு 1977 டெனெரீஃப் விமான விபத்துதான் ஞாபகம் வந்தது. ஓடுபாதையில் பனிமூட்டம். கேஎல்எம் விமானம் கிளம்பி ஓட ஆரம்பித்துவிட்டது. எதிரே இருந்த பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் ஃப்ளைட் எஞ்சினியருக்குச் சந்தேகம். அவர் அதைக் கேள்வியாகத்தான் கேட்டார். விலகியாயிற்று என்று கேப்டன் அடித்துச் சொன்னார். அவ்வளவுதான், அதற்கு மேல் எஞ்சினியர் வற்புறுத்தவில்லை. இரண்டு விமானமும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

கேள்வியாகக் கேட்டால் இதுதான் சிக்கல். மும்முரமாக இருப்பவர் தன் மனதில் ஏற்கெனவே இருக்கும் படத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவார், தலையைத் திருப்ப மாட்டார். "போகுதா?" என்றால் "போகுது" என்றுதான் வரும். "குழாய் தரையில் கிடக்கு" என்று சொல்லியிருந்தால் யாராவது ஒருவராவது தரையைப் பார்த்திருப்பார்.

---

சீனியர்_சிஸ்டர்:

டாக்டர் சொன்னது சரி. இன்னொன்று, "சார்" என்று பொதுவாகக் கூப்பிட்டால் அந்தக் கூட்டத்தில் நாலு சார் இருப்பார்கள். பேக் பிடிக்கிறவரின் பெயரைச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் தோளைத் தொடுங்கள், தப்பில்லை. "ஆக்சிஜன் கழண்டிருக்கு, நான் மாட்டுறேன்." மாட்டியதும், "மாட்டிட்டேன், 15 லிட்டர் போகுது" என்று திரும்பவும் உரக்கச் சொல்லுங்கள். நீங்கள் மாட்டியது உங்களுக்கு மட்டும் தெரிந்தால், அடுத்து ஒருவர் அதைத் தேடி ஓடுவார்.

நானும் ஆரம்பத்தில் முணுமுணுத்தவள்தான். குரல் ஒரு நாளில் வராது. பயிற்சி அறையில் பொம்மையை வைத்துக் கத்திப் பழகுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

---

ஐசியூ_ரெசிடென்ட்:

எல்லாரும் அந்தச் சிஸ்டருக்கே பாடம் எடுக்கிறீர்களே! டாக்டர் குனிந்து நரம்பு தேடிக்கொண்டிருந்தார் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த டாக்டர்தான் குழுவை நடத்தினார் என்றால் பிரச்சினை அங்கேயே தொடங்கிவிட்டது. நடத்துகிறவர் கையில் ஊசி இருக்கக் கூடாது. கால்மாட்டில், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நானே இதில் தப்புச் செய்திருக்கிறேன். நரம்பு கிடைக்காத எரிச்சலில் அட்ரினலின் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதையே விட்டுவிட்டேன்.

சத்தமாகச் சொன்னாலும் கேட்காமல் போகலாம். 2005-ல் இங்கிலாந்தில் எலெய்ன் ப்ரோமிலி என்ற பெண்ணுக்குச் சாதாரண சைனஸ் ஆபரேஷன். மயக்கம் கொடுத்தபின் மூச்சுக்குழாயில் ட்யூப் இறங்கவில்லை. தொண்டையில் துளை போடும் செட்டை ஒரு நர்ஸ் எடுத்துவந்து, தயாராக இருக்கிறது என்று சொல்லவும் சொன்னார். அனுபவசாலியான டாக்டர்கள் ட்யூபிலேயே குறியாக இருந்தார்கள். 13 நாள் கழித்து எலெய்ன் இறந்தார். கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. விமானத் துறையில் குழுவாக வேலை செய்யக் கற்றுத்தருவது போல மருத்துவத்திலும் வேண்டும் என்று பிறகு ஓர் அமைப்பையே தொடங்கினார்.

நான் இப்போது செய்வது இதுதான்: இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நெஞ்சை அழுத்துகிறவர் மாறும்போது, இதுவரை நடந்ததை உரக்கச் சொல்லிவிட்டு, "நான் எதை விட்டுட்டேன்?" என்று கேட்கிறேன். பாதி நேரம் பதில் வராது. வரும்போது பெரும்பாலும் நேரம் எழுதுகிறவரிடமிருந்துதான் வரும். கையில் வேலை இல்லாமல் மொத்தக் கட்டிலையும் பார்க்கிறவர் அவர் ஒருவர்தானே.

அப்புறம், சம்பவ அறிக்கை எழுதினீர்களா?

---

நைட்_ட்யூட்டி:

எல்லாருக்கும் நன்றி. நேற்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு முன் குழாய் எப்படிக் கழன்றது என்று பார்க்க, காலியாக இருந்த அதே கட்டிலிடம் போனேன். தலைமாட்டில் ஆள் நிற்பதற்காகக் கட்டிலைச் சுவரிலிருந்து முன்னால் இழுப்போம் இல்லையா? அப்படி இழுத்தால் குழாய் விறைத்து, ஃப்ளோமீட்டரிலிருந்து தானாக உருவிக்கொள்கிறது. மூன்று தடவை இழுத்துப் பார்த்தேன், மூன்று தடவையும் கழன்றது.

அன்றைக்குக் கட்டிலை இழுத்தது நான்தான். அதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.