இடியில் கருகிய செட்டாப் பாக்ஸ்: உதவி வேண்டும்

ஏற்காட்டில் சென்ற மாதம் விழுந்த இடியில் செட்டாப் பாக்ஸ் கருகிவிட்டது. அதனுடன் இணைத்திருந்த 500 ஜிபி ஹார்டு டிஸ்க் தப்பியது, படம்தான் ஓடவில்லை.

உள்ளே இருப்பது 2017 அக்டோபர் 9, டெல்லியில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக் கால்பந்து, இந்தியா–கொலம்பியா ஆட்டம். 82-ஆவது நிமிடத்தில் ஜீக்சன் சிங் தலையால் முட்டிய கோல், உலகக் கோப்பையில் இந்தியாவின் முதல் கோல். அடுத்த நிமிடமே கொலம்பியா அடித்து 2-1 என வென்றது. அப்பா அப்படியும் எழுந்து நின்று கைதட்டினார். இன்று அவர் இல்லை. இணையத்தில் தேடலாம்தான், ஆனால் இது அவர் தன் கையால் பதிந்து வைத்தது.

கணினி ஃபார்மட் செய்யச் சொல்கிறது, செய்யவில்லை. லினக்ஸில் கோப்புகள் தெரிகின்றன, ஓடவில்லை. அதே மாடல் வேறொரு பெட்டியும் ஏற்கவில்லை. பதிவு முதல் பெட்டியோடு பூட்டப்பட்டது என்கிறார் சேலம் ஐந்து ரோட்டுக் கடைக்காரர். அந்தப் பெட்டியில் மின்சாரம் தரும் பவர் போர்டு மட்டுமே கருகியிருக்கிறது.

சேலத்தில் அந்தப் போர்டை மாற்றி, கருகிய பெட்டியையே இயங்க வைப்பவர் யார்?