டார் முடிந்ததும் டேப் தானாகப் பின்னால் ஓடிவிட்டது

பெங்களூரு அல்சூரில் ஓர் அண்ணாச்சியின் கல்யாண ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வேலை நான்தான் பார்க்கிறேன். அலமாரி முழுக்க ஹார்டு டிஸ்க் சேர்ந்துவிட்டதால், எஸ்.பி. ரோட்டில் காந்த நாடாவில் (டேப்பில்) தகவலைச் சேமிக்கும் பழைய எல்டிஓ-5 டிரைவ் ஒன்று வாங்கினோம். ஒரு டேப்பில் சுருக்காமலே 1.5 டெராபைட் பிடிக்கும். டெபியன் லினக்ஸ் போட்ட மெஷின்.

முதல் நாள் டிரைவே தெரியவில்லை. மெஷினில் இருந்த ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்ப்பது) டிஸ்க்கை மட்டும்தான் காட்டியது. டிரைவை நேரடியாக இணைக்கும் சாதாரண எஸ்ஏஎஸ் எச்பிஏ கார்டு மாட்டியதும் சரியாகிவிட்டது.

திங்கட்கிழமை ஒரு முகூர்த்த வீடியோவை டார் (ஃபைல்களை ஒன்றாகக் கட்டும் கமாண்ட்) போட்டு /டெவ்/எஸ்டி0-வுக்கு, அதாவது லினக்ஸில் அந்த டேப் டிரைவின் பெயருக்கு, அனுப்பினேன். எழுதி முடித்ததும் டிரைவுக்குள் ஸ்ஸ்ஸென்று டேப் சுற்றும் சத்தம் நீளமாகக் கேட்டது. வேலை முடிந்ததற்கான சத்தம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அதே டேப்பில், அதே மாதிரி ரிசப்ஷன். பிழை எதுவும் வரவில்லை.

புதன்கிழமை அண்ணாச்சி முகூர்த்த வீடியோ இருந்த டிஸ்க்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்: "அழிச்சிரலாமா தம்பி? முகூர்த்தம் டேப்ல பத்திரமா இருக்குல்ல?"

ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பட்டியலை எடுத்தேன். ரிசப்ஷன் மட்டும் வந்தது. முகூர்த்தம் இல்லை.

அந்தச் சத்தம் டேப் தொடக்கத்துக்குத் திரும்பி ஓடிய சத்தம். எஸ்டி0 என்பது மூடும்போதெல்லாம் டேப்பைச் சுற்றிவிடும் சாதனம். அடுத்த டார் முதல் அடியிலிருந்தே மேலே எழுதிவிட்டது. புதிதாக எழுதியது முடிகிற இடத்தில் டேப்பின் முடிவு என்று குறி விழுந்துவிடும்; அதற்கப்பால் பழையது மிச்சமிருந்தாலும் டிரைவ் போய்ப் படிக்காது. ஒன்றன்பின் ஒன்றாக எழுத, அதே டிரைவின் சுற்றிவிடாத பெயரான என்எஸ்டி0-வைத்தான் எடுக்க வேண்டும். இப்போது எழுதும் முன் டேப்பை நகர்த்தும் எம்டி கமாண்டில் ஈஓடி கொடுத்து, எழுதியதன் கடைசிக்குப் போகிறேன். பிறகு ஸ்டேட்டஸில் ஃபைல் எண்ணைப் பார்த்து, டேப் பெட்டியின் அட்டையில் பென்சிலால் எழுதுகிறேன். டிஸ்க் அழியாமல் இருந்ததால் அந்தக் கல்யாணம் தப்பியது. யாரோ ஒரு பெண்ணுக்குத் தாலி ஏறிய நேரம் அது. இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

*

எனக்கு வேறு மாதிரி அண்ணா. ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ். டாருக்கு -பி (b) 512 கொடுத்து 256 கிலோபைட் பிளாக்காக (ஒரு தடவைக்கு எழுதும் துண்டு) எழுதியிருந்தேன். மாதங்கள் கழித்துத் திருப்பி எடுக்கும்போது அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. 'கேனாட் அலொகேட் மெமரி' என்று வந்தது. ராம் போதவில்லை என்று நம்பி இரண்டு நாள் அதிலேயே போய்விட்டது. மெமரிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டேப்பில் இருந்த பிளாக், டார் கேட்ட 10 கிலோபைட்டை விடப் பெரியது, அவ்வளவுதான். அதே -பி 512 கொடுத்ததும் படித்துவிட்டது. அட்டையில் ஃபைல் எண்ணோடு பிளாக் அளவையும் எழுதிவிடுங்கள்.

*

நன்றி தம்பி. இன்று சாயங்காலம் ஸ்டுடியோவுக்குப் போய் எல்லா அட்டையிலும் சேர்த்துவிடுகிறேன்.