அப்ரண்டிஸ் உதவித்தொகை: யாருடைய ஆள் நாங்கள்?

லேத்துக்காரன்:
2022 இல் இயந்திரவியல் டிப்ளமோ முடித்த கையோடு, நாட்ஸ் எனும் தேசியத் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சித் திட்டத்தில் ஒரு தொழிற்சாலையில் ஓராண்டுப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். மாதம் 8000 ரூபாய். அப்போது அதில் பாதியை நிறுவனத்துக்கு அரசு திருப்பித் தந்தது என்பது இங்குள்ள எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் இரண்டாம் ஷிப்டில், லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. மேற்பார்வையாளர் துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, விபத்தைப் பதிவு செய்ய ஊழியர் பட்டியலைப் புரட்டினார். "தம்பி, உன் பேரு எதுலயுமே இல்லையேப்பா, நீ கம்பெனி ஆளா, கவர்ன்மென்ட் ஆளா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. கடைசியில் என் பெயரை வாயிற்காவலரின் பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார்.

பி.காம் பட்டதாரி:
மேற்பார்வையாளர் குழம்பியதில் வியப்பில்லை. 1961 ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் 18 ஆம் பிரிவே பழகுநரைத் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவர் என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 16 ஆம் பிரிவின்படி, பயிற்சியின்போது ஏற்படும் காயத்துக்கு இழப்பீடு தர வேண்டியவர் முதலாளியே. உதவித்தொகையில் பாதியை அரசு ஏற்பதால் அந்தப் பொறுப்பும் பாதியாகிவிடாது. என்னைப் பொறுத்தவரை உறுத்துவது வேறொன்று. 9000 ரூபாயில் ஓராண்டு கணக்குப் பிரிவில் வேலை பழகினேன். கடைசி நாள் காலையில் என் நாற்காலியில் அடுத்த அப்ரண்டிஸ் அமர்ந்திருந்தார். கணினியின் கடவுச்சொல்லை அவருக்கு நானே எழுதிக் கொடுத்தேன்.

சாண்ட்விச் டிப்ளமோ:
நிரந்தர வேலை தருவார்கள் என்று நீங்களாக நம்பியது யார் குற்றம்? பழகுநர்களை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று மட்டுமே 2014 ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. எடுத்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. படிப்புக்கு இடையிலேயே ஆலைப் பயிற்சிக்குப் போன எங்களுக்கு அந்த எதிர்பார்ப்பே கிடையாது, திரும்பி வர வகுப்பறை இருந்தது. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகள், பயிற்சி ஒப்பந்தம் நாட்ஸ் இணையதளத்தில் பதிவாகி, அதற்கொரு எண் கிடைத்த பிறகே இயந்திரத்தில் கை வைக்க வேண்டும். ஒப்பந்த நகலை வீட்டில் ஒன்று, கைப்பேசியில் ஒன்று என வைத்திருங்கள். அரசின் பங்கு நேரடியாக வருவதாக இருந்தால், வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைந்திருக்கிறதா என்று முதல் மாதமே பாருங்கள். காயம் பட்டால் அன்றே எழுத்து மூலம் தெரிவித்து, தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியத்துக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

லேத்துக்காரன்:
ஆலோசனைக்கு நன்றி அண்ணா. என் ஒப்பந்தம் முறையாகப் பதிவாகித்தான் இருந்தது, எண்ணும் கையில் இருந்தது. ஷிப்டில் இருந்த எவருக்கும் அது தெரியாது என்பதைத்தான் எழுதினேன்.