புதுப்பிப்பு: மேல ஏறும்போது ஆஃப் ஆகுற 46 க்ளோ இன்ஜின் சரியாயிடுச்சு

போன மாசம் எழுதியிருந்தேன்ல, என் மாடல் விமானத்துல இருக்கற, மெத்தனால் ஃப்யூயல்ல ஓடுற 46 சைஸ் க்ளோ இன்ஜின் (7.5 சிசி) தரையில நல்லா ஓடுது, விமானம் மூக்கைத் தூக்கி ஏறுனா அணைஞ்சுடுதுன்னு, நிறைய பேரு நீடிலை (ஃப்யூயல் அளவைக் கூட்டிக் குறைக்கிற திருகு) திருப்புங்கன்னீங்க, திருப்பியும் சரியாகல. கடைசில டேங்கைக் கழட்டிப் பார்த்தா உள்ள க்ளங்க் (ஃப்யூயல் இருக்கற பக்கம் சாயுற எடைக்கட்டி) மாட்டுற சிலிக்கான் டியூப்ல ஊசிமுனை அளவு ஓட்டை, டேங்க் கொஞ்சம் காலியானதும் அது வழியா காத்து இழுத்து கலவை லீன் (காத்து கூடி ஃப்யூயல் குறைஞ்சு) ஆகியிருக்கு. டியூப் மாத்துனதும் சரி. இப்போ ஃபுல் த்ராட்டில்ல நீடிலை பீக்ல (இன்ஜின் அதிக வேகமா சுத்துற இடம்) இருந்து ரெண்டு மூணு கிளிக் ரிச்சா (ஃப்யூயல் கூடுதலா) வச்சு, யாரையாவது விமானத்தைக் கெட்டியா புடிக்கச் சொல்லி மூக்கை மேல தூக்கிப் பார்க்காம பறக்க விடுறதே இல்ல.

இன்னொன்னு, இதான் எனக்கு ரொம்ப வருத்தம். இன்ஜினோட பின்பக்க பேரிங் முழுக்க துரு! மெத்தனால் ஈரத்தை இழுக்கும், ஃப்யூயல்ல கலந்திருக்கற நைட்ரோ (நைட்ரோமீத்தேன்) எரிஞ்சு அமிலமா தங்கும், அதோட நம்ம கடலூர் உப்புக்காத்து வேற. கிராங்க்கேஸை (பேரிங் உக்கார்ற அலுமினிய உடம்பு) சூடு பண்ணி லேசா தட்டுனா பேரிங் விழுந்துடும், அலுமினியம் அதிகமா விரியும்ல. புதுசு பாண்டில ஒரு பேரிங் கடையில அளவு சொல்லி வாங்கினேன்.

தேவனாம்பட்டினம் பக்கம் பறக்க விடுற தம்பிங்களா, கடைசி ஓட்டத்துல த்ராட்டிலை மூடி நிறுத்தாதீங்க, ஃப்யூயல் டியூபை நசுக்கி உள்ள இருக்கறது எரிஞ்சு தீர விடுங்க, அப்புறம் கார்புரேட்டர்ல ஆஃப்டர் ரன் ஆயில் (ஓட்டி முடிச்சதும் துருப்பிடிக்காம விடுற எண்ணெய்) நாலு சொட்டு விட்டு ப்ரொப்பெல்லரை கையால சுத்துங்க. புதுசா வாங்குறவங்க ஆயில் 18 சதவீதத்துக்குக் குறையாத ஃப்யூயலா பாருங்க, அதுல கொஞ்சம் விளக்கெண்ணெய் கலந்திருந்தா துருவுக்கும் நல்லது.