உணவுக் கோளாறும் தன்னைக் காயப்படுத்திக்கொள்ளுதலும் தொடர்புடையவையா?

கேள்வி: சித்தி, கொழிஞ்சாம்பாறை

பிளஸ் டூ படிக்கும் என் அக்காள் மகள் பகலெல்லாம் பட்டினி கிடந்துவிட்டு, இரவில் அடுக்களையில் இருப்பதையெல்லாம் உண்டு, பிறகு வாந்தி எடுப்பதை ஓண விடுமுறையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது கவனித்தேன். கையில் அவளே ஏற்படுத்திக்கொண்ட காயங்களின் தழும்புகளும் உள்ளன. அக்காள் வீட்டில் முதலாவதை வயிற்றுக் கோளாறு என்று கஷாயம் கொடுக்கிறார்கள். இரண்டாவதைப் பிடிவாதம் என்று ஏசுகிறார்கள். இரண்டும் ஒரே நோயா?

பதில்: மனநலச் செவிலியர், பாலக்காடு

ஒரே நோயல்ல, ஆனால் நெருங்கிய தொடர்புண்டு. அளவின்றி உண்டு வாந்தி எடுக்கும் புலிமியா உள்ளவர்களிடம் தன்னைக் காயப்படுத்தும் பழக்கம் மற்றவர்களைவிட அதிகம். தாங்க முடியாத மன இறுக்கத்தைச் சற்று நேரம் தணிப்பது, தன்மீதுள்ள வெறுப்பில் தன்னையே தண்டிப்பது என்று பலருக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆகவே ஒன்றை மட்டும் காவலிருந்து தடுத்தால் மற்றது கூடிவிடக்கூடும். பட்டினியே மனத்தைக் குலைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில், நல்ல உடல்நலமும் மனநலமும் கொண்ட 36 ஆண்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரை வயிற்று உணவே கொடுத்து ஆராய்ந்தபோது, பலரும் சோர்வுக்கும் எரிச்சலுக்கும் ஆளானார்கள். ஒருவர் தம்மையே காயப்படுத்திக்கொண்டார்.

தொடர் வாந்தியால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்கள். மயக்கமோ படபடப்போ இருந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

பதில்: ஓர் ஆசிரியை, வேலந்தாவளம்

மருத்துவரிடம் வாந்தியை மட்டும் சொல்லித் தழும்பை மறைப்பது நம் பக்கத்து வழக்கம். இரண்டையும் சொல்லுங்கள், சகோதரி. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. ‘ஆம்’ என்றால் தனியே விடாமல் உடனே அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். கேரளத்தில் 1056 திசா எண்ணும் உண்டு.

சித்தி, கொழிஞ்சாம்பாறை

தெரிந்தவர் கண்ணில் படாமலிருக்கக் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோகலாம் என்கிறார் அக்காள்.

மனநலச் செவிலியர், பாலக்காடு

தாராளமாகப் போகலாம். ஆனால் பேச்சுச் சிகிச்சைக்குப் பல மாதம் தொடர்ந்து வர வேண்டியிருக்கும்; தேர்வு ஆண்டில் அவளால் தவறாமல் போய்வர முடிகிற இடத்தையே தேர்ந்தெடுங்கள். அவள் பதினெட்டு வயது நிரம்பாதவளாயின் பெற்றோர் ஒருவரும் உடன் வர வேண்டும்.