பேன்ட்ரி அலமாரிக் கதவின் மேல்மூலை வெளியே நிற்கிறது, கீலைத் திருகினால் சரியாகுமா?

கேள்வி:
வணக்கம். சமையலறையில் ஏழடி உயரத்துக்கு மளிகை அலமாரி ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். 18 மி.மீ. பிளைவுட், 15 அங்குல அகலத்தில் இரண்டு கதவு, கதவுக்கு நான்கு ஆட்டோ கீல் (கதவின் உள்பக்கம் வட்டக் குழியில் பதிக்கிற கீல்). இடது கதவு கச்சிதமாக மூடுகிறது. வலது கதவு கீழே ஒட்டுகிறது, மேல்மூலை மட்டும் இரண்டு நூல் (கால் அங்குலம்) வெளியே நிற்கிறது. மேல் கீலை உள்ளே தள்ளினால் கீழ்மூலை கிளம்பி வருகிறது. இன்னொன்று, உள்ளே பருப்பு டப்பாக்களுக்கு இழுக்கிற கூடை வைத்தேன், கதவு முழுசாகத் திறந்திருந்தும் கூடை அதில் இடிக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்:
கீலைத் தொடாதீர்கள். முதலில் ரசமட்டம் வைத்துப் பெட்டியைப் பாருங்கள், தரை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் உயரமான பெட்டி முறுக்கிக்கொள்ளும், கதவு இப்படித்தான் நிற்கும். தாழ்ந்த காலுக்கு அடியில் சக்கை கொடுத்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும். மட்டம் சரியாக இருந்தால் கதவைக் கழற்றிச் சமமான தரையில் படுக்க வையுங்கள். ஒரு மூலை ஆடினால் கோளாறு கதவில்தான்.

கேட்டவர்:
பெட்டி மட்டமாக இருக்கிறது. கதவுதான் ஆடுகிறது. வெளிப்பக்கம் 1 மி.மீ. மைக்கா, உள்பக்கம் பெயின்ட்.

பதில்:
காரணம் அதுதான். ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால் ஈரமும் காற்றும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்காது, நெடுங்கதவு வளைந்துவிடும். உள்பக்க பெயின்டைச் சுரண்டித் தேய்த்துவிட்டு அங்கேயும் மைக்கா ஒட்டுங்கள், 0.8 மி.மீ. போதும், ஆனால் ஏற்கெனவே விழுந்த வளைவு முழுசாகப் போகும் என்று நம்ப வேண்டாம். புதிதாகச் செய்வதாக இருந்தால் நான் பிளாக்போர்டுதான் (block board, நடுவில் மரக்கட்டைகளை வரிசையாக ஒட்டிய பலகை) எடுப்பேன், நீளக் கதவுக்கு அது பிளைவுட்டைவிட நேராக நிற்கும். இல்லையென்றால் கதவை நாலரை அடி, இரண்டரை அடி என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஏழடிக்கு ஒரே கதவு பார்க்க அழகுதான், ஆனால் சமையலறை ஆவியில் அதை நேராக வைத்திருப்பது பெரும்பாடு.

இன்னொருவர்:
கூடை விஷயம் வேறு. சாதாரண ஆட்டோ கீல் ஏறக்குறைய 105, 110 டிகிரிதான் திறக்கும், திறந்த பிறகும் கதவின் கனம் வாசலுக்குள் கொஞ்சம் நிற்கும், கூடை அதில்தான் இடிக்கிறது. 165 டிகிரி கீல் வாங்குங்கள், குழி அதே 35 மி.மீ.தான். செலவு வேண்டாமென்றால் சேனலுக்கு (கூடை ஓடுகிற தண்டவாளம்) பின்னால், இடிக்கிற பக்கமெல்லாம், 25 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) அடித்துக் கூடையை உள்ளே தள்ளுங்கள், கூடையின் அகலம் மட்டும் அந்த அளவுக்குக் குறையும். புதுக் கதவில் குழியைக் கையால் போடாமல் 35 மி.மீ. பிட்டில் போடுங்கள், 13 மி.மீ. ஆழத்தைத் தாண்டாதீர்கள், தாண்டினால் முன்பக்க மைக்காவில் கீல் இருக்கும் இடம் புடைத்துத் தெரியும்.

கேட்டவர்:
சரி, பிளாக்போர்டில் இரண்டாகப் பிரித்தே செய்கிறேன். மேல் கதவுக்கு எத்தனை கீல்?

பதில்:
இரண்டரை அடிக்கு இரண்டு, கீழ்க்கதவுக்கு மூன்று. கதவுகளுக்கு நடுவில் 3 மி.மீ. இடைவெளி விட மறக்காதீர்கள்.